ஹீட்டர் வாங்கிட்டீங்க சரி, காத்துக்கு வழி விட்டீங்களா?

பருத்திப்பட்டுல உக்காந்துக்கிட்டு ஹீட்டர் பத்திப் பதிவு எழுதறவன் அநேகமா நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். இங்க மார்கழி மாசம் ஏரிக்கரைப் பூங்காவுக்கு வாக்கிங் வர்றவங்க மங்கி குல்லாவும் மஃப்ளருமா வருவாங்க. தெர்மாமீட்டரைப் பார்த்தா 20 டிகிரி காட்டும். நம்ம வீட்டுல ஹீட்டர்னா பக்கெட்டுக்குள்ள தொங்கவிடறதுதான். அப்புறம் எதுக்குடா இந்தப் பதிவுன்னு கேக்கறீங்களா? காரணம் இருக்கு. கொஞ்சம் நீளமாப் போகும். ஆபீஸ்ல ஆணி அதிகம் இருக்கறவங்க சாயங்காலமா வந்து படிங்க :-)

விஷயம் மோட்டார் ஹோம். நம்ம பக்கம் கேரவன்னா ஒரு காலத்துல சினிமா வண்டின்னுதான் அர்த்தம். பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கம் பக்கம் ஷூட்டிங் நடந்தா ரோட்டோரமா நிக்கும், உள்ள யாரு இருக்காங்கன்னு பஸ் ஜன்னல்லேர்ந்து எட்டிப் பார்த்துட்டே போவோம். இப்ப அப்படி இல்ல. கேரள அரசு 2021ல கேரவன் சுற்றுலாவுக்குன்னே தனிக் கொள்கை கொண்டு வந்தது. பழைய டிராவலர் வேனை வாங்கி, சீட்டைக் கழட்டிட்டு கட்டில், குட்டிக் கிச்சன், மேல சோலார் பேனல்னு மாத்தி, குடும்பத்தோட லடாக் வரைக்கும் ஓட்டிட்டுப் போற ஆளுங்க நம்மள்ளயே இருக்காங்க. அதுக்கு வேணுங்கற கைவேலைக்கும் இங்க பஞ்சமே இல்ல. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961ல வந்தது. டாங்கியே செய்யற ஊர்ல வேனுக்குக் கட்டில் போடறதா கஷ்டம்? அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ள ஒரு ரவுண்டு போனா எந்தத் தகட்டையும் எப்படி வேணாலும் வளைச்சுத் தர்ற ஆள் கிடைப்பார்.

சிக்கல் எங்கன்னா, வண்டி வெயில் ஊர்ல தயாராகுது, போறது குளிர் ஊருக்கு. ஹீட்டர்ங்கற சாமானை நம்ம கைகள் பழகினதே இல்ல. பெட்டியை வாங்கறதுல காட்டற அக்கறையை, அந்தப் பெட்டிக்குக் காத்து எப்படிப் போகுது, எப்படி வருதுங்கறதுல யாரும் காட்டறதில்ல. என் கட்சி இதுதான்: வண்டி ஹீட்டர்ல பெட்டி பாதி வேலைகூட இல்ல, குழாய்தான் வேலை. அந்தக் குழாய் வேலையை ஒழுங்கா செய்ய முடியலைன்னா ஹீட்டரே வேணாம், நாலு கம்பளி வாங்கிட்டுப் போங்க.

முதல்ல இந்த சமாச்சாரம் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடுவோம். டீக்கடை பாய்லர் எல்லாருக்கும் தெரியும். நடுவுல ஒரு குழாய், அதுக்குள்ள கரி எரியும். சுத்தி தண்ணி நிக்கும். கீழ சாம்பல் விழற இடத்துலேர்ந்து நெருப்புக்குக் காத்து போகும், புகை மேல வழியா வெளிய போயிடும். நெருப்போட சூடு மட்டும் செம்புச் சுவர் வழியா தண்ணிக்குப் போகும். புகையும் தண்ணியும் ஒண்ணை ஒண்ணு தொடறதே கிடையாது. தொட்டா அந்த டீயை யாரு குடிப்பா?

டீசல்ல ஓடற வண்டி ஹீட்டரும் அதேதான். தண்ணிக்குப் பதிலா காத்துன்னு வெச்சுக்கங்க. உள்ள ஒரு மூடின அறையில டீசல் எரியும். அதுக்கு வேணுங்கற காத்தை ஒரு சின்னக் குழாய் வண்டிக்கு வெளியிலேர்ந்து இழுக்கும். எரிஞ்ச புகையை இன்னொரு குழாய் வண்டிக்கு வெளிய தள்ளும். இது ஒரு காத்து, நெருப்போட காத்து. இதே பெட்டியில இன்னொரு ஃபேன், வண்டிக்குள்ள இருக்கற காத்தை இழுத்து, சூடான உலோகத்து மேல தடவி, பெரிய டக்ட் வழியா திரும்ப உள்ளயே விடும். இது நாம மூச்சு விடற காத்து. ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள ஒரு விரல் தூரத்துல போகுது. ஆனா எந்தக் காலத்துலயும் கலக்கக்கூடாது. இந்த ஒரு வரி புரிஞ்சா மீதி எல்லாம் தானா வந்துடும்.

கணக்கு போட்டுப் பார்த்தா இன்னும் தெளிவா இருக்கும் (பொட்டி தட்டறவன் புத்தி, பொறுத்துக்கங்க). 2 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்துல ஓடினா மணிக்குச் சுமார் கால் லிட்டர் டீசல் குடிக்கும். ஒரு கிலோ டீசல் முழுசா எரிய 14.5 கிலோ காத்து வேணும். அப்படின்னா மணிக்கு 2.5 கனமீட்டர் காத்து, கொஞ்சம் தாராளமா விட்டா 3, 4 கனமீட்டர். ஒரு டிராவலர் வேனுக்குள்ள மொத்தமே 12 கனமீட்டர் அளவுக்குத்தான் இடம். ராத்திரி முழுக்க நெருப்பு சாப்பிடற காத்து, உங்க வண்டிக்குள்ள இருக்கற மொத்தக் காத்தைவிட அதிகம். மூச்சுக் காத்து ஃபேனோ மணிக்கு 90 கனமீட்டர் கணக்குல சுத்தும். அதாவது வண்டிக்குள்ள இருக்கற காத்து முழுசும் மணிக்கு ஏழெட்டு தடவை அந்தப் பெட்டி வழியா போய்ட்டு வருது. எங்கயாவது ஒரு கிளாம்ப் லூஸா இருந்து புகை உள்ள வந்தா, அதை மூலை முடுக்கெல்லாம் கொண்டு போய்ச் சேர்க்க ரெடியா ஒரு ஃபேன் ஓடிக்கிட்டிருக்கு.

இப்ப நம்மாளு கதைக்கு வர்றேன். கூடப் படிச்சவன், பேர் வேணாம், படிச்சா சண்டைக்கு வருவான். ஆவடி-பூந்தமல்லி ரோட்டுல ஒரு பட்டறையில வேனை விட்டு ஆறு மாசமா இழைச்சுக்கிட்டிருக்கான். ஜூன்ல லடாக் போறாங்க. அவன், அவன் மனைவி, நாலு வயசுப் பொண்ணு. ஆன்லைன்ல 15,000 ரூபாய்க்குள்ள ஒரு சீன டீசல் ஹீட்டர் வாங்கிட்டான். ஒரு சனிக்கிழமை மாட்டற வேலையைப் பார்க்க என்னையும் கூப்பிட்டான்.

பட்டறைக்காரர் கெட்டிக்காரர். "சார், ஏசி போட்ட வண்டி 40 பண்ணியிருக்கேன். ஹீட்டர் இதான் மொதல்"னு ஆரம்பத்துலயே சொல்லிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருந்தது. அவரும் நண்பனும் போட்டிருந்த பிளான் மூணு விஷயம்.

ஒண்ணு, நெருப்புக்குக் காத்து இழுக்கற குழாயை வண்டிக்குள்ளயே விட்டுடலாம். வெளிய விட்டா தூசி, சேறு ஏறும். உள் காத்து சூடா வேற இருக்கும், டீசல் மிச்சம்.

ரெண்டு, புகைக்குழாய் கிட்ல வந்ததே குட்டை. அதை ப்ளோருக்குக் கீழ நேரா இறக்கி அங்கயே விட்டுடலாம். வெளியதானே விடறோம்?

மூணு, சூடான காத்து போற டக்டுக்கு வாஷிங் மெஷின் ஹோஸ் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய். 75 மில்லிமீட்டர் வாய்க்கு 50 மில்லிமீட்டர் குழாயை ரெட்யூசர் போட்டு மாட்டி, கட்டிலுக்கு அடியில மூணு முழங்கை வளைவு வளைச்சுக் கொண்டு போயிடலாம்.

கேக்க எல்லாமே நியாயமாத்தான் இருக்கு இல்ல? இதுல இருக்கற வம்பை ஒண்ணொண்ணா சொல்றேன்.

நெருப்பு உள் காத்தை இழுத்து, புகையை வெளிய தள்ளுதுன்னு வைங்க. வண்டிக்குள்ள காத்து குறையும். குறைஞ்ச காத்து எங்கேர்ந்தாவது வந்து நிரம்பணும். ஜன்னல் ரப்பர் எல்லாம் புதுசா இறுக்கமா இருந்தா எங்கேர்ந்து வரும்? வயர் போக, தண்ணிக் குழாய் போக, கட்டில் போல்ட்டுக்குன்னு ப்ளோர்ல போட்ட ஓட்டைங்க வழியா வரும். அந்த ஓட்டைங்களுக்கு நேர் கீழதான் ரெண்டாவது பிளான்படி புகைக்குழாய் வாய் திறந்துட்டிருக்கு! ஆக முதல் பிளான் ஒரு உறிஞ்சு குழல், ரெண்டாவது பிளான் அதுக்கு வேணுங்கற விஷம். தனித்தனியா பார்த்தா ரெண்டும் சின்ன விஷயம், சேர்ந்தா குடும்பத்தோட காலி.

புகைக்குழாயை ப்ளோருக்குக் கீழ விட்டா வெளிய விட்டதா ஆகாது. நிக்கற வண்டிக்கு அடியில இருக்கறது பாதி மூடின ஒரு அறை மாதிரி. காத்து வீசலைன்னா புகை அங்கயே தேங்கும். குழாயோட வாய் வண்டியோட விளிம்பு தாண்டணும். ஜன்னலுக்கோ கதவுக்கோ கீழ முடியக்கூடாது. முன் பக்கம் பார்த்து இருக்கக்கூடாது, ஓடும்போது எதிர்க்காத்து உள்ள புகுந்துடும். காத்து இழுக்கற வாய் அதுலேர்ந்து நல்லா தள்ளி, அதுவும் முன் பக்கம் பார்க்காம, சக்கரம் சேறடிக்காத இடமா இருக்கணும். தூசின்னு பயந்தா இடத்தை மாத்தணும், உள்ள கொண்டு வரக்கூடாது. புகைக்குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இணைப்பு எல்லாம் ப்ளோருக்குக் கீழதான். உள்ள ஒரு ஜாயின்ட் கூட வேணாம். பெட்டிக்கும் ப்ளோருக்கும் நடுவுல வர்ற தகடும் கேஸ்கெட்டும் இடைவெளி இல்லாம உக்காரணும். குழாயோட தாழ்வான இடத்துல தண்ணி வடிய சின்ன ஓட்டை வேணும். ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணியும் ஆவியா வரும், அது குளிர்ல குழாய்க்குள்ளயே உறைஞ்சு அடைச்சுக்கும்.

மூணாவது, டக்ட். இதுல நம்மாளுங்க ரொம்ப அசட்டை. சூடு காத்துதானே, எந்த வழியா வந்தா என்னன்னு நினைப்பு. ஹீட்டர் வாய்ல காத்து 80, 100 டிகிரிக்குப் போகும், சாதா பிளாஸ்டிக் இளகிடும். குழாயைக் குறுக்கி, முழங்கை போட்டு வளைச்சா காத்து ஓட்டம் குறையும். ஓட்டம் குறைஞ்சா உள்ள உலோகத்தோட சூடு வெளிய வர முடியாது. ஹீட்டர் தானே கொதிச்சு நின்னு போகும், திரும்ப ஆரம்பிக்கும், திரும்ப நிக்கும். இப்படி நாள்கணக்கா வெந்து ஆறி வெந்து ஆறி ஓடினா எந்த உலோகமும் விரிசல் விடும். விரிசல் விட்டா அந்த ரெண்டு காத்துக்கும் நடுவுல இருந்த சுவர் போச்சு. ஹீட்டர் என்ன அளவு வாயோட வருதோ அதே அளவு டக்ட், வளைவு கம்மியா, நீளம் கம்மியா. ஒரு வாயாவது மூட முடியாத வாயா இருக்கணும். திரும்ப இழுக்கற வாயும் சூடு விடற வாயும் பக்கத்துல பக்கத்துல இருக்கக்கூடாது, இல்லைன்னா விட்ட சூட்டையே இழுத்துக்கிட்டு ரூம் சூடாயிடுச்சுன்னு ஹீட்டர் ஏமாந்துடும். முக்கியமா, திரும்ப இழுக்கற வாய் ஆள் இருக்கற இடத்துலேர்ந்து மட்டும் இழுக்கணும். ஜெனரேட்டர் பெட்டி, வண்டி அடிப்பக்கம் எதோடயும் அதுக்குத் தொடர்பு இருக்கக்கூடாது.

இதை எல்லாம் சொன்னதும் நண்பன் "மச்சி, நீ ஓவரா பயமுறுத்தறே. மேல ரூஃப் ஹேட்சைக் கொஞ்சம் திறந்து வெச்சுட்டா போச்சு"ன்னான். நிறைய பேர் சொல்ற சமாதானம் இது. மேல திறந்தா சூடு காத்து மேல போகும். அது போற வேகத்துக்குக் கீழேர்ந்து காத்து ஏறி வரும். கீழ எது இருக்கு? அதே புகை. மேல மட்டும் திறக்கறது சில நேரம் நல்லதைவிடக் கெட்டது. காத்தோட்டம் வேணும், நான் மறுக்கல. ஆனா தப்பா போட்ட குழாய்க்கு ஜன்னல் மருந்து ஆகாது.

பேச்சு இழுத்துக்கிட்டே போச்சு. டீ கொண்டு வந்த அவன் மனைவி கேட்டுட்டு நின்னாங்க. "அண்ணா, பெட்டி எங்க வருது?"ன்னாங்க. கீழ் கட்டிலுக்கு அடியிலன்னேன். "கீழ் கட்டில் பாப்பாவோடது"ன்னு மட்டும் சொல்லிட்டு கிளாஸை வெச்சுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் நண்பன் வாதாடவே இல்ல. பட்டறைக்காரர்தான் "சார், சேஸிஸ் பக்கவாட்டுல கிளாம்ப் போட்டு பைப்பை விளிம்பு வரைக்கும் கொண்டு போயிடலாம், அரை நாள் வேலை"ன்னார். அரை நாள்! இவ்வளவு நேரம் நாங்க வாதாடினது அந்த அரை நாளுக்குத்தான்.

இது என்னமோ கற்பனை பயம்னு யாரும் நினைக்க வேணாம். 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரை பக்கம் ரோட்டோரம் நின்ன ஒரு கேரவன்ல ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. பனி இல்ல, மலை இல்ல. ஹீட்டர்கூட இல்ல, ஏசி. ஏசிக்காக ஓடின ஜெனரேட்டரோட புகை ப்ளோர்ல இருந்த ஓட்டை வழியா உள்ள வந்திருக்குன்னு, அதே வண்டியை வெச்சு சோதனை பண்ணின கோழிக்கோடு என்.ஐ.டி. குழு 2025 ஜனவரியில கண்டுபிடிச்சது. ப்ளோர்ல ஒரு ஓட்டை. அவ்வளவுதான்.

அதுக்கு முன்னாடி 2020 ஜனவரியில நேபாளத்துல தாமன்ங்கற மலை ஊர்ல ஒரு ரிசார்ட். கேரளாவுலேர்ந்து சுற்றுலா போன எட்டு பேர், அதுல நாலு குழந்தைங்க, ஒரே ரூம்ல தூங்கினவங்க எழுந்திரிக்கல. கதவு ஜன்னல் எல்லாம் மூடி, உள்ள கேஸ் ஹீட்டர். அந்த வகை ஹீட்டர்ல புகைக்குழாயே கிடையாது. நெருப்போட காத்தும் மூச்சுக் காத்தும் ஒண்ணே. சூடு மொத்தமும் உள்ளயே இருக்கு, வீணே இல்லைன்னு தோணும். புகையும் மொத்தமா உள்ளயேதான் இருக்கு.

ரெண்டு இடத்துலயும் ஆள் தெரியாம போகக் காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போற ஹீமோகுளோபினோட இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் குமட்டல், தலைசுத்தல், தூக்கம். மலைப்பாதையில நாள் முழுக்க வண்டி ஓட்டிட்டு வந்தவனுக்கு இது எல்லாமே சாதாரணமா வர்றதுதான். லடாக்ல இன்னும் மோசம், உயரத்தால வர்ற தலைவலியும் இதே மாதிரிதான் இருக்கும். மாத்திரை போட்டுக்கிட்டு, ஹீட்டரைக் கொஞ்சம் ஏத்தி வெச்சுட்டு, போர்த்திக்கிட்டுப் படுத்துடுவோம்.

நம்ம ஊர்க்காரங்க ஏன் இதுல மாட்டறாங்கன்னு யோசிச்சா, எனக்குத் தோணுறது ஏசி பழக்கம். பிறந்ததுலேர்ந்து நமக்குத் தெரிஞ்சது குளிர வைக்கற மெஷின்தான். ஏசி போட்டா முதல் வேலை கதவைச் சாத்து, ஜன்னலைச் சாத்து, இடுக்குல துணியைச் சொருகு. ஏசி எதையும் எரிக்கறதில்ல, அதனால மூடினா லாபம்தான். அதே கையோட ஹீட்டரையும் பார்க்கறோம். எரியற சாமானை மூடின பெட்டிக்குள்ள வைக்கறோம்ங்கறது மனசுல உறைக்கறதே இல்ல. பாத்ரூம்ல புகைக்குழாய் இல்லாம மாட்டற கேஸ் கீசரும் இதே கதை. என்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கிட்டு, கண்ணாடி ஏத்திட்டு காருக்குள்ள தூங்கறதும் இதே கதை. ஊட்டி, கொடைக்கானல் ரூம்ல குளிருக்குக் கரி அடுப்பை உள்ள தூக்கி வெச்சுக்கறதும் இதே கதைதான். நம்ம பாட்டிங்க காலத்துல பல வீட்டு சமையல்கட்டுல புகைபோக்கி இருந்தது. நெருப்பு இருந்தா புகைக்கு வழி வைக்கணும்ங்கறது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. நமக்கு நடுவுல மறந்து போச்சு.

"சீனா மால் வாங்கினா அப்படித்தான், ஜெர்மன் ஹீட்டர் வாங்கணும்"னு சில பேர் வருவாங்க. வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் எல்லாம் நல்ல சரக்குதான், விலையும் அதுக்கேத்த மாதிரிதான். அதுல சென்சார் நல்லா இருக்கும், உயரத்துக்கு ஏத்த மாதிரி டீசலைக் குறைக்கற வசதி இருக்கும். ஆனா ஜெர்மன் ஹீட்டரோட புகைக்குழாயை ப்ளோருக்கு அடியில விட்டாலும் வர்றது அதே புகைதான். பிராண்டுக்குச் செலவு பண்ற காசுல கொஞ்சம் குழாய்க்குப் பண்ணுங்கன்னுதான் சொல்றேன்.

உயரம்னு சொன்னேனே, அதையும் பார்த்துடலாம். லே நகரம் 3,500 மீட்டர். அங்க காத்தழுத்தம் சென்னையில இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான். ஹீட்டரோட பம்ப் அதே டீசலைச் சொட்டிக்கிட்டிருக்கும், ஆனா எரிக்கக் காத்து மூணுல ஒரு பங்கு குறைவு. அரைகுறையா எரியும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு கூடும். பருத்திப்பட்டுல டெஸ்ட் பண்ணி "சூப்பரா ஓடுது"ன்னு கிளம்பறது, நம்ம பாஷையில சொன்னா, சொந்த மெஷின்ல ஓடின கோடை அப்படியே புரொடக்‌ஷன்ல ஏத்தற மாதிரி. டீசலும் அப்படித்தான். லடாக் குளிருக்கு உறையாம இருக்கணும்னுதான் இந்தியன் ஆயில் 2019 நவம்பர்ல மைனஸ் 33 டிகிரி வரை தாங்கற தனி டீசலையே கொண்டு வந்தது. எரிபொருளுக்கே அந்த ஊர் தனிக் கணக்குன்னா காத்துக்கு இருக்காதா?

ராணுவம் இந்தப் பாடத்தை நல்லாவே படிச்சிருக்கு. பனிமலையில ஜவான்கள் கூடாரத்துல வைக்கற புகாரிங்கற மண்ணெண்ணெய் ஹீட்டருக்குப் பதிலா டி.ஆர்.டி.ஓ. 'ஹிம் தாபக்'னு ஒண்ணை உருவாக்கி 2021 ஜனவரியில அறிவிச்சது. ராணுவம் 420 கோடி ரூபாய்க்கு மேல ஆர்டர் கொடுத்தது. அதுக்குச் சொன்ன முக்கியமான பெருமை என்ன தெரியுமா? நெருப்பு திருப்பி அடிக்கறதாலயும் கார்பன் மோனாக்சைடாலயும் ஜவான்கள் சாகாம இருப்பாங்கங்கறதுதான். டி.ஆர்.டி.ஓ.வோட சண்டை வாகன ஆராய்ச்சி நிலையம் நம்ம ஆவடியிலதான் இருக்கு. அது வேற வேலை பார்க்கற லேப், ஹிம் தாபக் டெல்லி லேப்ல செஞ்சது. ஆனா வண்டிக்குள்ள உக்காந்திருக்கற மனுஷனை யோசிச்சு வண்டி கட்டறது இந்த ஊருக்குப் புதுசு இல்லைங்கறதுக்காகச் சொல்றேன்.

சரி, இப்ப என்ன பண்ணலாம்?

வண்டியில ஆள் தூங்கப் போறாங்கன்னா கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமாக்கணும்ங்கறது என் கருத்து. ஹீட்டர் இருந்தாலும் இல்லாட்டியும். வடகரை வண்டியில இருந்தது ஏசிதான், ஞாபகம் இருக்கட்டும். இங்கிலாந்துல வாடகை வீடுகள்ல பாய்லர், ஹீட்டர் மாதிரி நிரந்தரமா எரியற சாதனம் இருக்கற ரூம்ல இந்த அலாரம் 2022 அக்டோபர்லேர்ந்து கட்டாயம். நாம வாடகைக்கு விடற கேரவன்லேர்ந்தாவது ஆரம்பிக்கலாம். ஐரோப்பியத் தரப்படி செஞ்ச அலாரம் 300 பி.பி.எம். வந்தா மூணு நிமிஷத்துக்குள்ள அலறும், 50 பி.பி.எம். நீடிச்சா ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள அலறும். தூங்கற தலை உயரத்துல, சூடு காத்து வாய்க்கு நேரா இல்லாம மாட்டணும். புகை அலாரம் வேற, இது வேற. பெட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சு வாங்குங்க. ஆனா அலாரம் இருக்கேன்னு குழாய்ல அசட்டையா இருக்காதீங்க. சீட் பெல்ட் போட்டிருக்கோம்னு யாரும் பிரேக்கைக் கழட்டி வைக்கறதில்ல.

வாடகைக்கு எடுக்கறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி வண்டிக்காரர்கிட்ட மூணே கேள்வி கேளுங்க. நெருப்புக்குக் காத்து எங்கேர்ந்து வருது? புகை எங்க முடியுது? அலாரம் எங்க? கையால தொட்டுக் காட்டச் சொல்லுங்க. "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"னு பதில் வந்தா அட்வான்ஸைத் திருப்பி வாங்கிடுங்க.

சொந்தமா செய்யறவங்களுக்கு: வண்டியோட அமைப்பை மாத்தறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதைக் கண்டிப்பா சொல்லியிருக்கு. ஆர்.டி.ஓ. அனுமதியோட செய்யுங்க. ஒளிச்சு மறைச்சுப் பண்ற வேலையை யாரும் சரிபார்க்க மாட்டாங்கங்கறதுதான் அதுல இருக்கற பெரிய ஆபத்து. மாட்டி முடிச்சதும் ஊர்லயே ரெண்டு ராத்திரி ஓடவிட்டு, உள்ள அலாரத்தை வெச்சுட்டு, நீங்க வெளிய படுங்க. சுவிட்சை அணைச்ச உடனே பேட்டரி வயரைப் புடுங்காதீங்க, உள்ள ஆற சில நிமிஷம் ஃபேன் ஓடியாகணும். வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு குழாயோட வாயையும் எட்டிப் பாருங்க. குளவி கூடு கட்டியிருந்தா நம்ம ஊர் வழக்கப்படி நல்ல சகுனம்னு விட்டுடாதீங்க.

பட்டறைக்காரங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்க கையில இருக்கற வேலைத்திறமைக்கு நான் தலைவணங்கறேன். தெரியாத சாமான் வந்தா "இதான் மொதல் சார்"னு சொன்னாரே அந்த அண்ணன், அப்படிச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அதோட மேனுவலை யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லுங்க. எங்களை மாதிரி இன்ஜினியரிங் படிச்சுட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கற பயலுக அதுக்காவது பிரயோஜனப்படட்டும்.

கடைசியா, ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல்தான் போறீங்கன்னா ஹீட்டர் எதுக்குங்க? ஊட்டியில உறைபனி விழற ராத்திரியைக்கூட நல்ல ரஜாய், காதை மூடற குல்லா, காலுக்கு சாக்ஸ், வெந்நீர் பை வெச்சு ஓட்டிடலாம். கம்பளி எதையும் எரிக்காது, அதுக்குக் குழாயும் வேணாம்.

டிஸ்கி 1: நண்பன் வண்டியில இப்ப ரெண்டு குழாயும் வெளியதான் இருக்கு. டக்டை அதே 75 மில்லிமீட்டர்ல ஒரே வளைவோட மாத்தியாச்சு. பெட்டி பாப்பா கட்டிலுக்கு அடியிலேர்ந்து பின்பக்கம் போயிடுச்சு. அலாரம் மட்டும் "தேவையா மச்சி?"ன்னு இன்னும் இழுத்துக்கிட்டிருக்கான். நானே வாங்கி பாப்பா பிறந்தநாளுக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன் :-)

டிஸ்கி 2: இமயமலைப் பக்கம் வண்டியில போய்ட்டு வந்த பதிவர்கள் யாராவது இருந்தா உங்க வண்டியில புகைக்குழாய் எங்க முடிஞ்சதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மி வேணாம், இது கொஞ்சம் சீரியஸான மேட்டர்.